மறுவிற்பனையும் மெய்ம்மையும்

ஒருவன் வேண்டாவென்று ஒதுக்கிய பொருளை மற்றொருவன் விரும்பித் தேடி அலைதல் உலகியற்கை. அவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். ஒதுக்கியவன் ஓரூரிலும் தேடுவோன் மற்றோரூரிலும் வாழ்வர். இவர்களுக்கு இடையே நின்று, ஒதுக்கிய பொருளைக் குறைந்த விலைக்குக் கொண்டு, தேடுவோனுக்கு மிகுந்த விலைக்குக் கொடுத்து, இடைப்பட்ட ஊதியத்தைத் தன் கூலியாகப் பெறுபவன் மறுவிற்பனையாளன். இத்தொழில் மிகப் பழையது. ஆயினும், இணையவழி ஏலம் தோன்றியபின் இதன் பரப்பு பெரிதும் விரிந்துவிட்டது. கையிற் பெருமுதல் இல்லாத கல்லூரி மாணவரும் இன்று இதனைச் செய்தல் கூடும். சிலர் செய்தும் வருகின்றனர். இவ்வூதியம் அறவழிப்பட்டதா, அன்றிப் பிறர் அறியாமையைக் கொள்ளையிடுவதா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம் விடுதியில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி. எம் வகுப்புத் தோழர் ஒருவர் கல்லூரிக்கு அண்மையிலுள்ள பழைய பேப்பர்க் கடைக்கு அடிக்கடி செல்வார். சென்ற ஆண்டு ஒருநாள், கட்டி வைத்திருந்த நாளிதழ்களுக்கு அடியில் ஒரு தடித்த நூலைக் கண்டார். அது சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் ஒரு பகுதி, 1930-களில் அச்சானது, முதுகுத்தோல் சிறிது கிழிந்திருந்ததேயன்றி உள்ளே ஓர் ஏடும் குறைவில்லை. கடைக்காரர் அதனைத் தராசிலிட்டு 45 ரூபாய் என்றார். நண்பர் பேரம் பேசாது கொடுத்தார். அப்பொழுது கடைக்காரர், "இத வச்சு என்ன செய்யப் போறிய, தம்பி?" என்று கேட்டார். நண்பர், "படிக்கத்தான் அண்ணாச்சி" என்று கூறிவிட்டு வந்தார். பத்து நாள் கழிந்தபின் அந்நூல் இணையவழி ஏலத்தில் 1,800 ரூபாய்க்கு விலைபோயிற்று. வாங்கியவர் வேறோரூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மற்றைப் பகுதிகளெல்லாம் அவரிடம் இருந்தன. இவ்வொன்றையே பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.

இச்செய்தி விடுதியிற் பரவியதும் மாணவர் இருகட்சியாயினர். ஒருசாரார் நண்பரின் கூரிய அறிவைப் புகழ்ந்தனர். மற்றொருசாரார், "ஏழைக் கடைக்காரருக்குச் சேரவேண்டிய 1,755 ரூபாயை இவர் கவர்ந்துகொண்டார்" என்று இகழ்ந்தனர். இரவு உணவு முடிந்தபின் தொடங்கிய வாதம் விளக்கணைக்கும் நேரம்வரை நீண்டும் முடிவு பெறவில்லை. அன்று யாம் சொல்ல எண்ணியும் சொல்லாது விட்டதை இக்கட்டுரையாற் கூறுகின்றோம்.

முதற்கண் ஏலத்தின் வரலாற்றைச் சிறிது காண்பாம். 'ஏலம்' என்னுஞ் சொல் நம் பழஞ்சொல் அன்று. மணப்பொருளாகிய ஏலம் வேறு. விலைகூறும் ஏலம் வேறு. பின்னையது போர்த்துக்கேசியர் வாயிலாக நம்மிடை வந்து வழங்கிய சொல்லென்பதைத் தமிழ் லெக்சிகனிற் காணலாம். ஆங்கிலத்தார் வழங்கும் 'ஆக்ஷன்' என்பது, மிகுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கேட்குந்தோறும் விலை மிகுதலே ஏலத்தின் இயல்பாதலின் அப்பெயர் மிகப் பொருந்தும்.

இவ்வேலத்தை இணையத்தில் ஏற்றியவருள் முதன்மையாகக் கூறத்தக்கவர் பியர் ஒமிடியார் என்னும் கணிப்பொறி வல்லுநர். அவர் 1995-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் 'ஆக்ஷன்வெப்' என்னும் பெயருடன் இதனைத் தொடங்கினார். 1997-இல் அது 'ஈபே' என்னும் பெயர் பெற்றது. ஆங்கு முதலில் விற்ற பொருள் யாதென வினவின், நகைப்பு உண்டாகும். பழுதடைந்த லேசர்ச் சுட்டுகோல் ஒன்று 14.83 டாலருக்கு விற்றது. "இது பழுதுபட்டதென்பதை அறிவீரோ?" என்று ஒமிடியார் வாங்கினவரை வினவினார். "யான் பழுதுபட்ட சுட்டுகோல்களைச் சேர்ப்பவன்" என்பது அவர் விடை. ஒருவனுக்குக் குப்பையாவது மற்றொருவனுக்குக் கருவூலமாம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ? விற்றவர் பழுதை மறையாது கூறியிருந்தார் என்பதையும் அன்பர்கள் கருத்திற் கொள்க.

இவ்வேலத்தின் அமைப்பும் அறியத்தக்கது. வாங்க விரும்புவோர் தாம் கொடுக்கத் துணியும் உயர்ந்த விலையை இயந்திரத்தினிடம் மறைவாகச் சொல்லிவைப்பர். இயந்திரம் அவர்பொருட்டுச் சிறிது சிறிதாக விலையை உயர்த்திச் செல்லும். முடிவில் வென்றவர் தம் உச்ச விலையைக் கொடுக்க வேண்டுவதில்லை. தமக்கு அடுத்து நின்றவர் கேட்ட விலைக்குச் சற்றே மேலாகக் கொடுத்தாற் போதும். இதனை ஒத்ததொரு முறையை 1961-லேயே வில்லியம் விக்ரி என்னும் பொருணூலறிஞர் ஆராய்ந்து எழுதினார்; அவருக்கு 1996-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு முதல் ஏலமின்றி நிலைவிலைக்கு விற்கும் வழியும் ஈபேயில் உண்டாயிற்று. இன்று ஆங்கு விற்பனவற்றுட் பெரும்பகுதி அவ்வழிப்பட்டதே. ஆயினும் விலை இன்னதென்று அறியப்படாத அரும்பொருளுக்கு இன்றும் ஏலமே தக்க தராசு.

இனி, மறுவிற்பனையாளர் சரக்கை எங்ஙனம் கண்டெடுக்கின்றனர் என்பதைக் காண்பாம். இத்தொழில் செழித்த அமெரிக்க நாட்டில் அதற்குப் பல இடங்கள் உண்டு. குடும்பத்தார் வேண்டாத தட்டுமுட்டுக்களை வார இறுதியில் மோட்டார்க் கொட்டிலின் முன்னே பரப்பி விற்பர். இதனைக் 'கராஜ் சேல்' என்பர். ஒருவர் இறந்தபின் அவர் வீட்டுப் பொருள்களையெல்லாம் ஒருங்கே விற்பது 'எஸ்டேட் சேல்'. குட்வில் முதலிய அறநிலையங்கள் பிறர் நன்கொடையாகக் கொடுத்த பழம்பொருள்களைக் கடைவைத்து விற்கும். பொதுநூலகங்கள் தாம் கழித்த நூல்களை அவ்வப்பொழுது விற்கும். பெருங்கடைகள், வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய சரக்கை மூட்டை மூட்டையாக ஏலத்தில் விடும். இவ்விடங்களுக்கெல்லாம் விடியலிற் சென்று, ஆயிரம் பொருளைப் புரட்டி, ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பதே இவர்தம் உழைப்பு.

இவையன்றி, இணையவழி ஏலமே ஒரு சரக்குச் சுரங்கமாம். ஓரேலத்திற் கொண்டு மற்றோரேலத்தில் விற்றலும் உண்டு. தவறான பிரிவில் வைக்கப்பட்ட பொருள், இருண்ட நிழற்படத்தோடு விளம்பரஞ் செய்யப்பட்ட பொருள், பலவற்றோடு ஒருகட்டாகக் கட்டப்பட்ட நற்பொருள், எல்லாரும் உறங்கும் வேளையில் ஏலம் முடியும் பொருள் ஆகியன போட்டியின்றிக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். எல்லாவற்றினும் வியப்பானது எழுத்துப் பிழை. பெயர் பிழைபட எழுதப்பட்ட பொருளைத் தேடுவோர் காணார். 1852-இல் வடதுருவப் பயணத்திற்கென இங்கிலாந்தில் வடித்த 'ஆல்சாப்' மதுக்குப்பி ஒன்று 2007-இல் ஈபேயில் விற்பனைக்கு வந்தது. விற்றவர் அப்பெயரில் இரட்டித்து எழுதவேண்டிய ஆங்கில எழுத்தொன்றை ஒற்றையாக எழுதிவிட்டார். 304 டாலருக்கு அது விலைபோயிற்று. வாங்கியவர் பெயரைப் பிழையற எழுதி மீண்டும் ஏலத்தில் விட, கேள்வி 5,03,300 டாலர்வரை ஏறியது. அவ்விறுதிக் கேள்வி மெய்யானதன்று என்பது பின்னர்த் தெரிந்தது. அது வேறு கதை. ஆயினும் ஓரெழுத்தின் பிழையால் ஒரு பொருள் தன்னைத் தேடுவோர் கண்ணுக்கு மறைந்துபோகும் என்பது மெய். லகர ளகர ழகர வேறுபாட்டை ஆசிரியர் வற்புறுத்துங்கால் சலிப்புறும் எம்போன்ற மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக!

இத்தொழில் எளிதென்று எண்ணுவோர் ஏமாறுவர். கேட்கும் விலை வேறு; விற்ற விலை வேறு. ஒரு பொருளுக்கு நூறு டாலர் கேட்டு நூறுபேர் எழுதியிருக்கலாம். ஆயின் அது முன்பு என்ன விலைக்கு விற்றது என்பதே கணக்கு. எடுத்துக்காட்டாக, 10 டாலருக்கு வாங்கிய பழைய படப்பெட்டி ஒன்று 40 டாலருக்கு விற்றதெனக் கொள்வோம். ஏல நிலையம் பெரும்பாலும் பத்திலொரு பங்குக்கு மேல் தன் கட்டணமாகக் கொள்ளும்; அதற்கு 5 டாலர் போயிற்று. கட்டுவதற்கும் அஞ்சலுக்கும் 8 டாலர். எஞ்சியது 17. இதனுள், தேடிய பொழுதின் கூலியும், விலைபோகாது அறையில் தங்கிய பிற பொருள்களின் முதலும் அடங்கவேண்டும். அன்றியும், ஏலத்தில் வாங்குவோனைப் பற்றும் நோயொன்று உண்டு. பலர் கேட்கும் பொருளை வெல்பவன், பெரும்பாலும் அதன் மதிப்பை மிகுத்து எண்ணியவனே. எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்தோர் நிலையை ஆராய்ந்து 1971-இல் பொறியியலறிஞர் மூவர் இதனை விளக்கினர். 'வென்றோன் சாபம்' என்று இதற்குப் பெயர். ஆதலின், ஏலம் தொடங்குமுன்னரே உச்ச விலையைத் தாளில் எழுதிவைத்து அதனைக் கடவாதிருத்தலே அறிவுடைமை.

இதுகாறுங் கூறியவற்றால், மறுவிற்பனையாளன் பெறும் ஊதியம் உழைப்பின்றி வருவதன்று என்பது தெளிவாம். அவன் நாடுவதும் தேர்வதும் துடைப்பதும் படமெடுப்பதும் எழுதுவதும் அனுப்புவதும் உழைப்பே. எல்லாவற்றிற்கும் மேலாக, அவன் விற்பது அறிவு. லெக்சிகனின் அப்பகுதி பழைய பேப்பர்க் கடையிலேயே கிடந்திருப்பின், ஆலைக்குச் சென்று கூழாகியிருக்கும். ஆசிரியர் வீட்டு அடுக்கில் அவ்விடம் வெறிதே இருந்திருக்கும். அந்நூலின் மதிப்பை நண்பர் கவர்ந்தாரல்லர், காத்தார். 1,755 ரூபாய் கடைக்காரருடையது என்று கூறிய தோழர்கள் இதனை மறந்தனர். நண்பர் அவ்வழிச் செல்லாதிருந்தால் கடைக்காரருக்கு அந்த 45 ரூபாயும் கிடைத்திராது. ஆலைக்காரன் கொடுக்கும் விலை அதனினுங் குறைவு.

ஆயின் இவ்வளவில் நின்றுவிடுதல் தகாது. எதிர்க்கட்சியார் வினவுவர்: "அறிந்தவன் அறியாதவனிடம் வாங்கும்பொழுது தான் அறிந்ததைச் சொல்லாதிருத்தல் முறையோ?" இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. உரோமாபுரி அறிஞர் சிசரோ, கி.மு. 44-இல் எழுதிய 'கடமைகள்' என்னும் நூலில் ஒரு வணிகனைக் காட்டுகின்றார். ரோட்ஸ் தீவிற் பஞ்சம்; தானியம் பொன்விலை விற்கின்றது. அலெக்சாந்திரியாவிலிருந்து நல்லவனொருவன் தானியக் கப்பலோடு அங்கு வந்து சேர்கின்றான். தனக்குப் பின்னே வேறு பல கப்பல்களும் தானியத்தோடு வருவதை அவன் அறிவான். அதனை ஊரார்க்குச் சொல்லின் விலை வீழும். சொல்லாவிடின் பெருஞ்செல்வம் பெறலாம். என் செய்வது? சரக்கின் குற்றத்தைச் சட்டம் கேட்குமளவு சொன்னாற் போதும் என்று டயோஜெனிஸ் என்னும் அறிஞரும், வாங்குவோனுக்கு யாதொன்றையும் மறைத்தலாகாது என்று அன்டிபேட்டர் என்னும் அறிஞரும் வாதிப்பதாகச் சிசரோ எழுதுகின்றார். தன் ஆதாயங் கருதி மறைத்தல் தகாது என்பதே சிசரோவின் முடிபு.

இவ்வினாவே பல நூற்றாண்டுகட்குப்பின் அமெரிக்க உச்சநீதிமன்றத்திலும் எழுந்தது. 1815-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். இங்கிலாந்தோடு நிகழ்ந்த போரினால் நியூ ஆர்லியன்சு துறைமுகம் முற்றுகையுண்டு, புகையிலை விலை வீழ்ந்து கிடந்தது. சமாதானம் ஆயிற்று என்னுஞ் செய்தியை ஆர்கன் என்னும் வணிகர் ஊரார் பலர் அறியுமுன் அறிந்தார். விடியலிலேயே சென்று லெயிட்லா என்பார் நிலையத்தில் 111 பெரும்பீப்பாய்ப் புகையிலையை விலைபேசினார். "விலையை உயர்த்தத்தக்க செய்தி ஏதேனும் உண்டோ?" என்று விற்பவர் பக்கத்தார் வினவினர். பேரம் முடிந்தது. செய்தி பரவியதும் விலை நூற்றுக்கு 30 முதல் 50 வரை ஏறிற்று. 1817-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புரைத்தார். வெளியுலகச் செய்தியைத் தானே முன்வந்து சொல்லவேண்டிய கடமை வாங்குவோனுக்கு இல்லை. ஆயினும், எதிரியை ஏமாற்றத்தக்க சொல்லோ செயலோ அவனிடத்து நிகழலாகாது. அத்தகைய வஞ்சனை நிகழ்ந்ததா என்பதை முறைகாண் ஆயத்தார் ஆராய்க என்று வழக்கு மீண்டும் அனுப்பப்பட்டது.

இவ்விரு முடிபுகளுள் எதனைக் கொள்வது? சிசரோ கூறியது மிக உயர்ந்த நெறி. ஆயினும் அவர் காட்டிய ஊரார் பசியால் வாடுவோர். அவர்தம் நெருக்கடியைப் பயன்படுத்துதல் கொடிது. பழைய பேப்பர்க் கடைக்காரரோ தாமும் ஒரு வணிகர். நூலைத் தாளாக விற்பதே அவர் தொழில். விலையைத் தாமே கூறினார். வணிகரும் வணிகரும் எதிர்நிற்குமிடத்து, உழைத்துத் தேடிய அறிவை இலவசமாகக் கொடுக்கவேண்டுமென்பது யாம் ஒப்புவதன்று. அங்ஙனமாயின் எவரும் தேடமாட்டார். தேடுவாரின்றி நற்பொருள்கள் குப்பையிலேயே மடியும். ஆயின் வணிகரல்லாதாரிடம் முறை வேறு. கணவனை இழந்த மூதாட்டி ஒருவர் வீட்டுப் பெட்டியைத் திறந்துவைத்து, "நீ படித்த பிள்ளை, நீயே ஒரு விலை சொல்" என்று கூறுவாராயின், அங்கே நாம் வாங்குவோரல்லேம், அவர் நம்பிய துணைவராவோம். அவ்விடத்து மௌனமும் பொய்யே. ஆதலின் யாம் கொள்ளும் விதி இது: கேளாதவிடத்து வாளா இருக்கலாம், கேட்டவிடத்து மெய்யே கூறவேண்டும், நம்பினவிடத்து, கேளாமலே கூறவேண்டும்.

மாணவருக்கு மிக அணித்தான வழக்கு ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். தாய்லாந்து நாட்டு மாணவர் சுபாப் கிர்ட்செங் என்பார் 1997-இல் கணிதம் பயில அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பாடநூல்கள் ஆங்குக் கொள்ளைவிலை விற்றன. அந்நூல்களே தாய்லாந்தில் மலிவுப் பதிப்பாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அவர் தம் உறவினரையும் நண்பரையும் கொண்டு ஆங்கு வாங்கி அனுப்பச் செய்து, ஈபே முதலியவற்றில் விற்றார். ஜான் வைலி என்னும் பதிப்பகத்தார் 2008-இல் வழக்குத் தொடுத்தனர். கீழ்நீதிமன்றத்தில் எட்டு நூல்களுக்காக 6,00,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. உச்சநீதிமன்றமோ 2013-இல், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. முறைப்படி அச்சிட்டு விற்ற ஒரு பிரதியை விலைகொடுத்து வாங்கியவன், அதனை மறுபடி விற்கத் தடையில்லை. அது எந்நாட்டில் அச்சானதாயினும் ஆகுக என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பைக் கேட்டு மறுவிற்பனையாளர் மகிழ்ந்தனர். யாமோ முற்றும் மகிழ இயலாத நிலையினேம். என்னை? எம் வகுப்பறைகளிலுள்ள அறிவியல் நூல் பலவற்றின் அட்டையில் 'இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் மட்டும் விற்பதற்கு' என்னும் கருத்துள்ள வரிகள் அச்சிடப்பட்டிருத்தலை யாவரும் அறிவர். அம்மலிவுப் பதிப்பு, வறிய நாட்டு மாணவர்க்கென உண்டானது. அது கப்பலேறிச் செல்வநாடு சேருமாயின், பதிப்பகத்தார் இங்கும் விலையை உயர்த்த முற்படலாம். இந்தியாவிலிருந்து இத்தகைய பதிப்புக்களை இணையவழி அயல்நாட்டார்க்கு விற்றதைப் பற்றிய வழக்கொன்றில், 2010-இல் தில்லி உயர்நீதிமன்றம் விற்போர்க்குத் தடை விதித்தது. ஒரு நாட்டில் உரிமையாவது மற்றொரு நாட்டிற் குற்றமாம். கிர்ட்செங் விலைகொடுத்து வாங்கினார், வெளிப்படையாக விற்றார், அவர்மேல் எமக்குக் குறையில்லை. ஆயினும், வறியவர்க்கென வைத்ததை வளமுடையார்க்கு மாற்றுந்தொழில், சட்டம் ஒப்பினும், இருமுறை எண்ணிச் செய்யற்பாலது.

இதனோடு இயைந்த மற்றொரு குற்றச்சாட்டும் உண்டு. அறநிலையங்களின் பழம்பொருட்கடைகளில் மறுவிற்பனையாளர் முந்திச்சென்று நல்லனவற்றையெல்லாம் வாரிக்கொள்வதால், ஏழைகளுக்கு எஞ்சுவது கந்தலே என்பர். நூலக விற்பனைகளில் கருவிகொண்டு நூலின் பட்டைக்கோடுகளை ஒவ்வொன்றாக வருடி விலைபார்ப்போர் கூட்டத்தைக் கண்டு வெறுத்துச் சில நூலகங்கள் அக்கருவிகளைத் தடுத்துவிட்டன. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அறநிலையம் விற்ற பணம் அறத்திற்கே செல்கின்றது என்று விடை கூறலாமேனும், அவ்விடை குளிரில் நடுங்குபவனுக்கு மேலங்கியாகாது. யாம் கருதுவது இது. பழைய படப்பெட்டி, முத்திரை பதித்த பீங்கான், அரிய நூல் முதலியவற்றை எடுப்பதால் ஏழைக்கு இழப்பில்லை. குழந்தையுடுப்பு, குளிராடை, அடுப்பு, பள்ளிப் பாடநூல் ஆகியன நிறைந்த அடுக்கை மறுவிற்பனையாளன் தீண்டாதிருத்தல் வேண்டும். இதனைச் சட்டத்தால் விதிக்க இயலாது, நாணத்தாலேதான் விதிக்கலாகும். அறநிலையத்தாரும் இப்பொழுது விழித்துக்கொண்டனர். குட்வில் நிலையத்தார் 1999-இல் தமக்கெனவே ஓர் இணையவழி ஏலத்தைத் தொடங்கி, அரும்பொருள்களின் விலையைத் தாமே பெறுகின்றனர்.

வாங்கும்பொழுது வாளா இருக்கலாம் என்றோம். விற்கும்பொழுது அச்சலுகையும் இல்லை. பழைய பேப்பர்க் கடையில் நண்பர் நூலைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார். இணையத்தில் வாங்கிய ஆசிரியரோ நண்பர் எழுதிய நான்கு வரிகளையும் மூன்று படங்களையுமே கண்டார். அவர் கண்ணும் கையும் நண்பரே. முதுகுத்தோல் கிழிந்ததைச் சொல்லாது விடுதல், குருடனுக்கு வழிகாட்டுபவன் குழியை மறைத்தலை ஒக்கும். விற்போன் அறிந்த குறையை வாங்குவோன் அறியாத சந்தையில், நல்ல சரக்கும் தீய சரக்கின் விலைக்கே இழியும். நல்ல சரக்குடையார் விலகிச் செல்வர். முடிவிற் சந்தையே கெடும். ஜார்ஜ் ஏகர்லாப் என்னும் பொருணூலறிஞர் 1970-இல் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டி இதனை நிறுவினார். 2001-இல் நோபெல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். ஈபேயிலும் 1996 முதலே வாங்கினோர் விற்றோரைப் பற்றி நன்று தீது எழுதும் ஏற்பாடு உண்டாயிற்று. முகமறியாதாரிடை நடைபெறும் வாணிகத்திற்கு மெய்ம்மையே முதல் என்பதை அதனைத் தொடங்கியோர் அறிந்திருந்தனர்.

நம் நாட்டில் ஈபே 2004-இல் 'பாஸி' என்னும் இந்திய ஏல நிலையத்தை விலைக்கு வாங்கிக் கால்கொண்டது. 2017-இல் அவ்விந்தியக் கிளை பிளிப்கார்ட் நிறுவனத்தார் கைக்கு மாறி, 2018-இல் மூடப்பட்டது. ஆயினும் இங்குள்ளார் அயல்நாட்டார்க்கு அவ்வழி விற்றல் நிற்கவில்லை. வேறு இணையச் சந்தைகளும் பல உள. ஆதலின் தமிழ் பயிலும் மாணவர்க்குச் சிறப்பாக ஓர் எச்சரிக்கை கூறுவாம். பழைய வீடுகளில் நூல் தேடுவோர் கையில் ஏட்டுச்சுவடியும் அகப்படுதல் கூடும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி, 75 ஆண்டு கடந்த மதிப்புடைய கையெழுத்துச் சுவடிகளும், நூறாண்டு கடந்த பிற தொல்பொருள்களும் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்பத்தகாதன. உள்நாட்டில் அவற்றை விற்குந் தொழிலுக்கும் உரிமச்சீட்டு வேண்டும். சட்டம் இருக்கட்டும். ஒரு சுவடி ஏலமேறி எங்கோ ஒரு செல்வர் பெட்டியில் அடைபடுமாயின், அதிலுள்ள பாடம் தமிழுக்கு இறந்ததேயாம். அதற்குரிய இடம் நூலகம். அதற்குரிய ஊதியம் நன்றி.

இனி, எம் நண்பர் கதைக்கு மீள்வாம். அவர் 45 ரூபாய்க்கு வாங்கியது குற்றமன்று. 1,800 ரூபாய்க்கு விற்றதும் குற்றமன்று. கிழிசலை மறையாது எழுதியே விற்றார். குற்றம் 'படிக்கத்தான்' என்ற ஒரு சொல்லில் உள்ளது. கடைக்காரர் கேட்டார், நண்பர் பொய் கூறினார். 'விற்கப் போகின்றேன் அண்ணாச்சி' என்று கூறியிருப்பின் விலை சிறிது ஏறியிருக்கலாம்; ஊதியம் சிறிது குறைந்திருக்கலாம்; அவ்வளவே. விடுதி வாதத்தில் இருகட்சியாரும் 1,755 ரூபாயையே எண்ணினர், அச்சொல்லை எண்ணினாரிலர். பின்னொருநாள் யாம் இதனை நண்பரிடம் தனியே கூறியபொழுது, அவர் சினந்தாரல்லர். சிறிதுநேரம் வாளா இருந்தார்.

அடுத்த கிழமை அவர் கடைக்குச் சென்று நடந்ததைச் சொன்னார். கடைக்காரர் சிரித்து, "வித்திட்டியளா? சரி, இனிமே கெட்டி அட்டை போட்டதெல்லாம் எடைக்குக் கிடையாது" என்றாராம். சொன்னபடியே, கெட்டி அட்டை நூல்களைத் தனியே அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லத் தொடங்கிவிட்டார். நண்பர்க்கு ஊதியம் குறைந்தது. அதனை யாம் மறைக்கவில்லை. ஆயின் சென்ற பருவத்தின் இறுதியில் ஒருநாள் மாலை, கடைச் சிறுவன் விடுதி வாயிலில் வந்து நின்றான். ஊரில் ஒரு பழைய வீட்டை இடிக்கின்றார்களாம். இரண்டு கோணி நிறையப் புத்தகம் வந்திருக்கின்றதாம். வேறொருவர்க்கும் காட்டாமல் அண்ணாச்சி எடுத்து வைத்திருக்கின்றாராம். தம்பியை வந்து பார்க்கச் சொன்னாராம். விடியலிற் சென்று ஆயிரம் பொருளைப் புரட்டியும் கிடையாத சரக்கு, தானே ஆளனுப்பி அழைத்தது. நண்பர் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே புறப்பட்டார். யாமும் உடன் சென்றோம்.